இரண்டாம் அடி விழுமுன்!

திண்டிவனத்திலிருந்து புதுவை நோக்கிச் செல்லும் சாலையை விட்டுச் சற்று ஒதுங்கினால், வானூர் வட்டத்திலே இரும்பை என்றோர் ஊர். சவுக்குத் தோப்பும் முந்திரிக் காடும் மல்லாட்டை விளையும் செம்மண்ணும் கொண்ட பகுதி. அங்கே மாகாளேசுவரர் கோயில் உண்டு. அந்தக் கோயிலின் மூலக்கல் சித்தர் ஒருவரின் சாபத்தால் பிளந்துபோயிற்று என்றும், பிளந்ததைச் செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டிக் காத்து வருகிறோம் என்றும் அவ்வூரார் கூறுவர். கதையின் மெய் பொய் ஆராய்வதற்காக நான் உங்களை அங்கே அழைத்துச் செல்லவில்லை. பிளந்த கல்லை விட்டுவிடாமல் கட்டிக் காக்கும் அந்தப் பரிவு இருக்கிறதே, அதை மட்டும் மனத்திலே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கோயிலை விட்டு வெளியே வந்து, தெருவிலே ஒரு திண்ணையைப் பாருங்கள்.

இரும்பையில்தான் அந்தத் திண்ணை இருக்க வேண்டும் என்பதில்லை. கிளியனூரிலும் இருக்கிறது, மரக்காணத்திலும் இருக்கிறது, மயிலத்திலும் இருக்கிறது. உங்கள் தெருவிலேயும் இருக்கிறது. அந்தத் திண்ணையிலே ஒரு பெரியவர். வலக்கை மடங்கி மார்போடு ஒட்டிக் கிடக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. ஒரு காலத்திலே கொடி பிடித்தவர். ஊர்வலத்தின் முன்வரிசையிலே முழக்கமிட்டவர். இரவெல்லாம் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டியவர். இன்று, "தண்ணீர்" என்று கேட்பதற்கே நாக்கு புரள மறுக்கிறது. நாம் போகிறோம், ஒரு பழச்சீப்பு தருகிறோம், தோளைத் தொடுகிறோம், கண் கலங்குகிறோம், திரும்புகிறோம். திரும்பும் வழியிலே, "விதி" என்று ஒருவர் சொல்கிறார். நாமும் தலையாட்டுகிறோம்! பகுத்தறிவு பேசிப் பழகிய நாக்கு, பக்கவாதம் என்றதும் விதியைத் துணைக்கழைப்பது விந்தையல்லவா!

விதியல்ல தோழர்களே! பெரும்பாலும் விதியல்ல. அந்தப் பெரியவரை வீழ்த்தியது முதல் அடியல்ல, இரண்டாம் அடி. முதல் முறை தாக்கியபோது கை மரத்தது, பேச்சு குழறியது; வண்டி வந்தது; பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்; பத்து நாள் படுக்கை; கோல் ஊன்றி நடந்து வீட்டுக்கு வந்தார். "பிழைத்துக்கொண்டேன்" என்று சிரித்தார். கையிலே ஒரு சீட்டு, பையிலே ஒரு மாதத்து மாத்திரை. மாத்திரை தீர்ந்தது. "மருந்தும் தீர்ந்தது, நோயும் தீர்ந்தது" என்றார் வீட்டார். காய்ச்சலுக்கு மாத்திரை அப்படித்தானே? ஐந்து நாள் சாப்பிடுகிறோம், விட்டுவிடுகிறோம். எண்ணெய் பூசினார்கள், வேண்டுதல் செய்தார்கள், பத்தியம் காத்தார்கள். சீட்டு, குடும்ப அட்டையோடு சேர்ந்து தகரப் பெட்டிக்குள் போயிற்று. ஒன்பதாம் மாதம் இரண்டாம் அடி விழுந்தது. இம்முறை பேச்சு போனது, நடை போனது, வீட்டிலே ஒருவர் கூலிக்குப் போவது நின்றது. மகள் படிப்பை விட்டாள்.

இதிலே யாரைக் குற்றம் கூறுவது? பெரியவரையா? அவருக்கு யாரும் சொல்லவில்லையே, இந்த மாத்திரை ஆயுள் முழுதும் தொடர வேண்டியது என்று! மருத்துவரையா? அவர் வாசலிலே நூறு பேர். சீட்டு இருந்தது, ஆங்கிலத்திலே இருந்தது. மாத்திரை இருந்தது, பதினேழு கல் தொலைவிலே இருந்தது. ஆக, எல்லாம் இருந்தது. பெரியவரிடம் வந்து சேரத்தான் இல்லை.

நோயின் தன்மையை முதலில் தெரிந்துகொள்வோம். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாயிலே கட்டி அடைத்துக்கொண்டால் ஒரு வகை. குழாய் வெடித்துக் குருதி கசிந்தால் மற்றொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே: கை விழுகிறது, வாய் கோணுகிறது. ஆனால் மருத்துவமோ நேர் எதிர். அடைப்புக்கு ஆஸ்பிரின் அருமருந்து; கசிவிலே அதைக் கொடுத்தால் கேடு மிகலாம். ஆகவேதான், தலையை சி.டி. படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் ஒரு மாத்திரையும் தரக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்டது என்பதற்காக அவருடைய மாத்திரையை வாங்கி விழுங்குவது, அவருடைய மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதைவிட ஆயிரம் மடங்கு ஆபத்து.

அடைப்பு வகை என்று தெரிந்துவிட்டதா? அப்போது பாதுகாப்பு மூன்று பக்கமும் வேண்டும். குருதித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்க ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ ஒன்று. குழாயின் உட்சுவரிலே கொழுப்பு படிவதைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை. இரத்த அழுத்தத்தை அடக்க அம்லோடிபின் போன்றதொரு மாத்திரை, சிலருக்கு இரண்டு. சர்க்கரை இருந்தால் அதற்குரியது தனி. கசிவு வகைக்காரருக்கும் அழுத்த மாத்திரை உயிர்காப்பு. அதை மறந்துவிட வேண்டாம்.

"இதெல்லாம் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதை" என்று கூறும் நண்பர்கள் நம்மிலேயே உண்டு. முதலாளியின் இலாப வேட்டையைச் சந்தேகிப்பது நமக்குப் பழக்கம், நல்ல பழக்கமுங்கூட. ஆனால் சந்தேகம் ஆராய்ச்சியிலே முடிய வேண்டும், அலட்சியத்திலே அல்ல. பக்கவாதம் அல்லது அதன் முன்னறிகுறி கண்ட 6,105 பேரை எடுத்துக்கொண்டு, பல நாடுகளிலே நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டார்கள். அழுத்த மாத்திரை உண்டவர்களில் மீண்டும் பக்கவாதம் கண்டவர் நூற்றுக்குப் பத்துப் பேர். வெறும் மாத்திரை உண்டவர்களில் பதினான்கு பேர். அளவிலே சிறிது என்று தோன்றுகிறதா? நூறு குடும்பங்களிலே நான்கு குடும்பம்! ஸ்டாட்டின் பற்றி 4,731 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2006-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுக் காலத்தில் மறுபடி தாக்குண்டோர் நூற்றுக்கு 13.1 என்பது 11.2 ஆகக் குறைந்தது. கசிவு வகைப் பக்கவாதம் மட்டும் சற்றுக் கூடிற்று. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பிரின் வகையோ, முன்பு தாக்குண்டவர்களுக்கு வரக்கூடிய பெரும் இடர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கிறது. ஒவ்வொன்றும் சிறு கவசம். மூன்றும் சேர்ந்தால் நல்ல கவசம்.

அந்த ஆஸ்பிரினின் வயதென்ன தெரியுமா? 1897-லே செருமனியிலே உருவாக்கப்பட்ட சரக்கு. காப்புரிமை எல்லாம் காலாவதியாகிக் காலம் பல ஆயிற்று. இன்று கடையிலே அதன் சிறு மாத்திரை ஒன்று ஒரு ரூபாய்க்கும் குறைவு. பெயர்ப் பகட்டில்லாத பொதுப்பெயர் மருந்துகளாக வாங்கினால், மூன்று மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கும். கம்பெனிக்காரருக்கு இதிலே பெரிய வேட்டை இல்லை. அதனால்தானோ என்னவோ இதற்குப் பெரிய விளம்பரமும் இல்லை!

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். ரஷ்யப் புரட்சியின் நாயகன் லெனின். 1922 மே மாதம் முதல் அடி. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் அடி. 1923 மார்ச்சில் மூன்றாம் அடி. மேடை அதிரப் பேசிய அந்த மாவீரன் பேச்சிழந்து கிடந்து, 1924 சனவரி 21-ஆம் நாள் மறைந்தபோது வயது 53. உலகின் சிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தனர். ஆனால் இரண்டாம் அடியைத் தடுக்கும் மாத்திரை எதுவென்று அவர்களுக்குத் தெரியாது! உலகப் போரிலே வல்லரசுகளை நடத்திச் சென்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போயிற்று. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளைக்குள் குருதி கசிந்து அவர் சாய்ந்தபோது அளந்து பார்த்தார்கள்: 300-க்கு 190! அன்று அடக்கத் தக்க மருந்து இல்லை. மருத்துவர் கைபிசைந்து நின்றார்.

லெனினுக்குக் கிடைக்காதது, ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது, இன்று வானூர் வட்டத்து மல்லாட்டைக் கொல்லையிலே களை பறிக்கும் கிழவிக்குக் கிடைக்க முடியும். அறிவியல் அந்த அளவுக்குக் கீழிறங்கி வந்துவிட்டது. ஆட்சியும் சமுதாயமும் அந்த அளவுக்குக் கீழிறங்கி வரவேண்டும், அவ்வளவே!

1984 அக்டோபரிலே அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னையில் ஆஸ்பத்திரியிலே இருந்தபோது பக்கவாதம் தாக்கியதையும், கடல் கடந்து நியூயார்க்கின் புரூக்ளின் வரை கொண்டு சென்று மருத்துவம் பார்த்ததையும் மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாளில் நாடே செய்தித்தாளை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்தது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள், குறை கூறவில்லை. ஆனால் நாளேட்டிலே அறிக்கை வராத ஆயிரமாயிரம் பேருக்கு, புரூக்ளின் வேண்டாம். பக்கத்துத் துணைச் சுகாதார நிலையம் போதும். அங்கிருந்து மாதந்தோறும் மூன்று மாத்திரை வந்தால் போதும்.

வருகிறதா? உலக அளவிலே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகள். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். நகரமும் சிற்றூருமாக 628 இடங்கள். இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே கண்டவர்களைப் பொறுக்கியெடுத்து, "என்ன மருந்து உண்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். 2011-லே முடிவு வெளிவந்தது. செல்வ நாடுகளிலே, கட்டியைத் தடுக்கும் ஆஸ்பிரின் வகை உண்போர் நூற்றுக்கு 62. ஏழை நாடுகளிலே 8.8. ஸ்டாட்டின் உண்போர் அங்கே 66.5, இங்கே 3.3. ஒரு மருந்துமே இல்லாதவர் அங்கே நூற்றுக்குப் பதினொருவர், இங்கே எண்பதின்மர்! நூற்றுக்கு எண்பது பேர், முதல் அடி வாங்கிய பின்னும், கவசம் ஏதுமின்றி இரண்டாம் அடிக்குத் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ஆய்விலே இந்தியா எந்த வரிசையில் வைக்கப்பட்டிருந்தது என்று கேட்கிறீர்களா? ஏழை நாடுகளின் வரிசையிலேதான்.

இதிலே வெட்கத்துக்குரியது ஏழ்மையல்ல. மலிவான பொருள் மலிவானவர்க்கு எட்டவில்லையே, அதுதான்.

"மக்களுக்கு அறிவுரை கூறினால் போதும்" என்போர் உண்டு. அவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பக்கவாதம் கண்டு பிழைத்த 4,298 பேரை, இந்தியாவின் 31 மருத்துவ நிலையங்களிலே, இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்குச் செல்பேசியில் குறுஞ்செய்தி, சிறு படக்காட்சி, பயிற்சி ஏடு எல்லாம் அவரவர் மொழியிலே அனுப்பினார்கள். நல்ல எண்ணம், நல்ல உழைப்பு. 2023-லே முடிவு வந்தது: ஓராண்டில் மீண்டும் பக்கவாதமோ மாரடைப்போ சாவோ நேர்ந்தவர் அறிவுரை பெற்ற பிரிவிலே நூற்றுக்கு 5.5, பெறாத பிரிவிலே 4.9. வேறுபாடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை! ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எண்கள் இரண்டுமே சிறியவை. ஏன்? இவர்கள் அனைவரும் நல்ல நிலையங்களிலே மருத்துவம் பெற்று, மருந்து எழுதப்பட்டு, ஆண்டு முழுவதும் கண்காணிக்கப்பட்டவர்கள். மருந்தும் மருத்துவரும் எட்டிய இடத்திலே உபதேசத்துக்குப் பெரிய வேலை மிச்சமில்லை என்றுதான் நான் பொருள் கொள்கிறேன். எட்டாத இடத்திலேயோ, உபதேசம் மட்டும் போய் என்ன பயன்? பசித்தவனிடம் சமையற் குறிப்பை நீட்டுவது போலத்தான்!

நாம் ஒன்றுமே செய்யாத நாட்டிலே வாழ்கிறோம் என்று சொன்னால் அது நன்றி கொன்ற பேச்சாகும். மருந்தை அரசே மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளின் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்க்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லே அமைந்தது. பிற மாநிலத்தார் வந்து பார்த்துச் சென்று பின்பற்றியது. 108 வண்டி 2008-லே ஓடத் தொடங்கிற்று. 2009-லே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்ணே தன்னார்வலராகி, தோளிலே பையோடு வீடு வீடாகச் சென்று, அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தரும் திட்டம். நடக்க முடியாதவருக்கு இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வந்தது. 2024-லே ஐக்கிய நாடுகள் மன்றத்தின் விருதும் அதைத் தேடி வந்தது. 2023-லே நெஞ்சுவலி என்று வருவோர்க்குத் துணைச் சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் அட்டோர்வாஸ்டாட்டினும் முதல் வேளை மாத்திரையாகத் தரும் ஏற்பாடும் வந்தது.

பெருமைதான். ஆனால் பெருமையைப் பேசி முடித்துக் கைதட்டிக் கலைந்துவிடுவது நம்முடைய பழைய நோய். இந்தத் திட்டங்களை ஏன் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 2020-லே தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கு: பெரியவர்களிலே மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம், அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் நூற்றுக்கு 7.3! அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஏறத் தொடங்கினோம்.

இப்போது கூர்மையாகக் கேட்போம். நெஞ்சுவலிக்காரருக்கு நினைவாகத் தரப்படும் அதே மூன்று மாத்திரை, பக்கவாதம் கண்டு வீடு திரும்பியவருக்கு, இரண்டாம் மாதமும் இருபதாம் மாதமும் தரப்படுகிறதா? அந்தப் பெண் தன்னார்வலரின் பையிலே அழுத்த மாத்திரை இருக்கிறது, சர்க்கரை மாத்திரை இருக்கிறது; அதே பையிலே ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் இருக்கின்றனவா? உங்கள் ஊருக்கு வரும் அந்தச் சகோதரியைக் கேட்டுப் பாருங்கள். அவர் ஏட்டிலே "அழுத்தம்" என்றொரு கட்டம், "சர்க்கரை" என்றொரு கட்டம் இருக்கும். "பக்கவாதம் கண்டவர்" என்றொரு கட்டம் உண்டா? இருந்தால் மகிழ்ச்சி; இல்லையெனில், அந்தக் கட்டத்தைக் கேட்டுப் பெறுவதுதான் நம் அரசியல்.

இரும்பைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையில் இருப்போர்க்கு அது எளிதில் விளங்காது. ஊர் தமிழ்நாடு, பக்கத்து நகரமோ புதுவை, வேறோர் ஆட்சிப் பகுதி. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திலே 2010-லே தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் வானூர்ப் பக்கத்து மக்களுக்குக் கிட்டத்தில் இருப்பது புதுவை. கோரிமேட்டிலே மத்திய அரசின் சிப்மர் இருக்கிறது. கை கால் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாநில எல்லையைப் பார்ப்பானா? பார்க்கவும் கூடாது! நான்கரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாக வேண்டுமே! ஆகவே மருத்துவம் எல்லைக்கு அப்பால். வாழ்வு எல்லைக்கு இப்பால். அங்கே எழுதப்பட்ட சீட்டு இங்கே எந்த மேசைக்கு வந்து சேரும்? சீட்டைக் கொண்டு வருபவர் யார்? பேச்சிழந்த நோயாளியா? எழுத்தறியாத மனைவியா? சேர்க்கும் பொறுப்பு யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லையெனில் சேராது; அது மனித இயல்பு. படுக்கையிலிருந்து அனுப்பும் நாளிலேயே, நோயாளியின் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஒரு தாள் போக வேண்டும்: இன்னார், இன்ன வகைப் பக்கவாதம், இன்ன மருந்து, இன்ன தேதிவரை. எந்தக் கொடி பறக்கும் கட்டடத்திலிருந்து போகிறது என்பது கேள்வியாக இருக்கக்கூடாது.

"இன்ன தேதிவரை" என்று நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். மருந்து எழுதுவது என்பது ஒரு முறை எழுதிக் கையொப்பமிட்டு முடித்துவிடும் காரியமல்ல. லேசான பக்கவாதத்துக்குப் பின் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெலையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று சீனத்திலே 5,170 பேரிடம் ஆராய்ந்து 2013-லே கண்டார்கள். மூன்று மாதத்துக்குள் மறுபடி தாக்கியது நூற்றுக்கு 11.7-லிருந்து 8.2 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த இரட்டை மருந்து முதல் 21 நாளுக்குத்தான். பிறகு ஒன்று போதும். இரண்டையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிற்றிலே, மூளையிலே குருதி கசியும் ஆபத்து ஏறுகிறது. இங்கே நடப்பதென்ன? சீட்டைத் தொலைத்தவர் எல்லாவற்றையும் நிறுத்துகிறார். சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவரோ, அதே சீட்டை மருந்துக் கடையிலே நீட்டி நீட்டி, நிறுத்த வேண்டியதையும் நிறுத்தாமல் வாங்குகிறார். ஒருவர் தொடர வேண்டியதைத் தொடரவில்லை. மற்றவர் நிறுத்த வேண்டியதை நிறுத்தவில்லை. இருவருக்கும் வேண்டியது ஒன்றே: ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் சீட்டைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவரின் கண்.

இளம் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நொண்டியாகிவிடும். பக்கவாதம் கிழவருக்குத்தான் என்று எண்ணுகிறோம். நெரிசலான குடிசையிலே வளரும் குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது. அதைக் கவனியாது விட்டால் கீல்வாதக் காய்ச்சலாகி இதயத்தின் தடுக்கிதழைக் கெடுக்கிறது. முப்பது வயதிலே இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. உள்ளே கட்டி உண்டாகி மூளைக்கு ஏறுகிறது. செல்வ நாடுகளிலே இந்நோய் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது. இங்கே வறுமையோடு தங்கியிருக்கிறது. இவர்களுக்கு ஆஸ்பிரின் போதாது. வார்ஃபரின் போன்ற மருந்து வேண்டும். புதிய விலையுயர்ந்த மாத்திரையான ரிவரோக்சபானை இதே நோயாளிகளிடம் வார்ஃபரின் வகைக்கு எதிரே நிறுத்திப் பார்த்தார்கள். 2022-லே வந்த முடிவிலே வென்றது பழைய மலிவு மருந்துதான்! ஆனால் அந்த மலிவு மருந்துக்கு ஒரு விலை உண்டு. மாதந்தோறும் குருதி எடுத்து அளவு பார்க்க வேண்டும். கூடினால் கசிவு, குறைந்தால் கட்டி. கூலி வேலைக்குப் போகும் பெண், ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, வரிசையில் நின்று, அந்தச் சோதனையை மாதந்தோறும் செய்துகொள்வாளா? அந்தச் சோதனையை வட்ட மருத்துவமனைக்காவது கொண்டுவந்தால் செய்துகொள்வாள். சாலை கேட்கிறோம், தெருவிளக்கு கேட்கிறோம். இதையும் கேட்க வேண்டாமா?

மாத்திரையைப் பற்றிய அச்சங்களைக் கேலி செய்யாதீர்கள் தோழர்களே! "தொடர்ந்து உண்டால் சிறுநீரகம் கெடும்" என்று கிராமத்திலே சொல்வார்கள். பக்க விளைவுள்ள மாத்திரைகள் இருப்பது உண்மைதானே? ஆஸ்பிரின் சிலருக்கு வயிற்றைப் புண்ணாக்கும்; அதை மருத்துவரிடம் சொன்னால் மாற்று தருவார். ஆனால் அடக்காமல் விட்ட இரத்த அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முன்னணிக் குற்றவாளி என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன் என்றால் தேய்த்துக்கொள்ளட்டும். கைகாலைப் பிடித்துவிடுவதால் கெடுதியில்லை. "எண்ணெய் வைத்தியம் நடக்கும்வரை மாத்திரையை நிறுத்து" என்று எவராவது சொன்னால், அப்போதுதான் நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும். பீடியும் சாராயமும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊறுகாயும் கருவாடும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பு கூடக் கூட அழுத்தமும் கூடும். இதைச் சொன்னால் கடலோரத்துத் தோழர்கள் என்மீது கோபிப்பார்கள், கோபிக்கட்டும்!

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். காப்பீடு பெரும்பாலும் படுக்கையிலே சேர்ந்தவருக்குக் கைகொடுப்பது. படுக்கையை விட்டெழுந்து வீட்டுக்கு வந்தபின், ஆயுள் முழுதும் வேண்டிய அந்த மூன்று மாத்திரைக்கு அது காவலாக நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. இரண்டாம் அடி விழுந்தால் மீண்டும் இலட்சக்கணக்கில் கொடுக்கிறோம். விழாமல் தடுக்கும் ஒரு தேநீர் விலையைக் கொடுக்கத் தயங்குகிறோம்! கணக்குப் பிள்ளைகூட ஒப்புக்கொள்ள மாட்டான் இந்தக் கணக்கை.

ஆகவே, வருகிற கிளைக் கூட்டத்திலே தீர்மானங்களைப் படித்து முடித்தபின் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் ஊரிலே பக்கவாதம் கண்டு பிழைத்தவர் யார் யார்? எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். கை விழுந்தவனுக்குக் கட்சியில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் செல்லுங்கள். மாலையும் பொன்னாடையும் வேண்டாம். தகரப் பெட்டியிலிருந்து அந்தச் சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். நீங்களாக மருத்துவராகிவிடாதீர்கள்! ஒரு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவோ தொடங்கச் சொல்லவோ உங்களுக்கு உரிமையில்லை. சீட்டையும் மனிதரையும் சுகாதார நிலைய மருத்துவரின் முன்னே கொண்டுபோய் நிறுத்துவதே உங்கள் வேலை. "இதைத் தமிழிலே எழுதித் தாருங்கள், எது எதுவரை என்றும் எழுதித் தாருங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். மருந்து இருப்பில்லை என்றால், எது இல்லை, எத்தனை நாளாக இல்லை என்று தேதியோடு குறித்து, மாவட்டச் சுகாதார அலுவலருக்கு எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு படி அனுப்புங்கள். அவர் நம்மவராக இருந்தாலும் அனுப்புங்கள். நம்மவராக இருந்தால் இரண்டு படி அனுப்புங்கள்!

வீட்டிலே உள்ள பிள்ளையிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு வாருங்கள். மாத்திரை அட்டையிலே பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே சொல்ல வேண்டும். கடைசி மாத்திரை தீர்ந்த பிறகல்ல. யாரிடம் சொல்வது என்று அந்தப் பிள்ளை கேட்கும். உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும், சீட்டின் பின்புறத்திலே, பெரிய எழுத்திலே எழுதிக் கொடுங்கள்.